செவ்வாய்க்கிழமைகளில் 50 நிமிடம்: நனவிலி மனத்தைத் தேடும் ஒரு சிகிச்சைக்குப் போய்வந்த கணக்கு

2023 ஜூன் தொடங்கி 2025 பிப்ரவரி வரை, தென்சென்னையில் ஒரு குடியிருப்புத் தெருவின் முதல் மாடி அறையில், செவ்வாய்க்கிழமைதோறும் மாலை 6:10 மணிக்கு நான் பெற்றுவந்த சைக்கோடைனமிக் உளவியல் சிகிச்சையை, அதாவது நாம் அறியாமல் மனத்துக்குள் நடப்பதைப் பேச்சின் வழியே தேடும் சிகிச்சையைப் பற்றிய மதிப்புரை இது. மொத்தம் 71 அமர்வுகளுக்குப் பணம் கட்டியிருக்கிறேன். முதல் 40 அமர்வுகளுக்குத் தலா 1,800 ரூபாய், கட்டணம் உயர்ந்த பிறகு 31 அமர்வுகளுக்குத் தலா 2,000 ரூபாய், ஆக 1,34,000 ரூபாய். இந்தத் தொகைக்கு ஒரு நல்ல ஸ்கூட்டர் வாங்கியிருக்கலாமே என்று என் மனைவி ஒருமுறை கேட்டார். ஸ்கூட்டருக்கு மதிப்புரை எழுதுவது எளிது. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று சொல்லிவிடலாம், பிரேக் பிடிக்கிறதா என்று சொல்லிவிடலாம். இங்கே நான் வாங்கிய பொருள் எது என்பதே முதல் ஆறு மாதங்கள் எனக்கு விளங்கவில்லை.

சிகிச்சையாளரின் பெயரையும் இடத்தின் பெயரையும் தரப்போவதில்லை. மதிப்புரை எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். அது உங்கள் விருப்பம் என்றவர், சற்று நேரம் கழித்து, எழுத வேண்டும் என்று இப்போது தோன்றுவது ஏன் என்று கேட்டார். இந்தச் சேவையின் சிறப்பும் அது தரும் எரிச்சலும் அந்த ஒரு கேள்விக்குள்ளேயே இருக்கின்றன.

நான் போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்பா 2018-இல் காலமானார். அம்மா அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே போய்விட்டார். கும்பகோணத்தில் ஓர் ஓட்டு வீடு எனக்கும் கோயம்புத்தூரில் இருக்கும் அக்காவுக்கும் பொதுவாக வந்தது. விற்றுவிடலாம் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று, பட்டா எல்லாம் தயாராக இருந்தன. வாங்குபவர் முன்பணமும் கொடுத்திருந்தார். ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நாள் குறித்த மூன்று முறையும், முதல் நாள் இரவு எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. பிடித்துக்கொண்டது என்றால், படுக்கையிலிருந்து தலையைத் தூக்க ஒருவர் துணை வேண்டும் என்கிற அளவுக்கு. மூன்றாவது முறை வாங்குபவர் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார். எலும்பு மருத்துவர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார், வயதுக்கு ஏற்ற தேய்மானம், அதற்கு மேல் ஒன்றுமில்லை என்றார்கள். பிசியோதெரபி செய்தேன். வலி நான்கு நாட்களில் தானாகவே போகும். அடுத்த பதிவுத் தேதி வரும்வரை வரவே வராது. இந்த ஒழுங்கைக் கவனித்துச் சொன்னவர் அந்த எலும்பு மருத்துவர்தான். "வலி காலண்டர் பார்த்து வருதே சார்" என்றார்.

இதற்கு முன்பு இணையவழியில் ஆறு அமர்வுகள் சி.பி.டி. எனப்படும் சிந்தனை, நடத்தை சார்ந்த சிகிச்சை பெற்றிருந்தேன். அதைக் குறை சொல்ல மாட்டேன். தூக்கம் அதனால்தான் சீரானது, இரவு பதினொரு மணிக்கு மேல் கைபேசியைக் கூடத்திலேயே விட்டுவிடும் பழக்கமும் அதில் வந்ததுதான். கழுத்து மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. அந்தச் சிகிச்சையை 1960-களில் உருவாக்கிய ஆரன் பெக் முதலில், உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்தவரும் சைக்கோடைனமிக் முறைக்கு மூலவருமான ஃப்ராய்டின் வழியில் பயிற்சி பெற்றவர் என்பதும், மனச்சோர்வு என்பது உள்நோக்கித் திருப்பப்பட்ட கோபம் என்ற கருத்தை நிறுவுவதற்காக நோயாளிகளின் கனவுகளை ஆராயப்போய், அங்கே வேறொன்றைக் கண்டு தனிவழி போனவர் என்பதும் எனக்குப் பிறகு தெரிந்தது. மகன் வீட்டில் ஆறு வாரம் இருந்துவிட்டு அப்பன் வீட்டுக்குப் போனவன் நான்.

ஒரு சொல்லைப் பற்றி இங்கே கொஞ்சம் பேச வேண்டும். தமிழில் 'ஆழ்மனம்' என்று சொன்னதும் சுவரொட்டிகள்தாம் நினைவுக்கு வருகின்றன: ஆழ்மன சக்தியால் செல்வம் சேர்க்கலாம், ஆழ்மனப் பதிவுகளை மூன்றே நாட்களில் அழிக்கலாம், முற்பிறவிக்குப் போய் இப்பிறவியின் சிக்கலை அறுக்கலாம். அங்கெல்லாம் ஆழ்மனம் என்பது ஏவினால் வேலை செய்யும் ஒரு பூதம். உளவியல் நூல்களில் வரும் 'நனவிலி' அதற்கு நேர்மாறானது. நம் கட்டளைக்கு அடங்காதது, நாம் அறிய விரும்பாததால் அறியாமல் வைத்திருப்பது. கனவிலும், வாய்தவறி வரும் சொல்லிலும், காரணம் புலப்படாத மறதியிலும் அது தலைகாட்டுகிறது என்றார் ஃப்ராய்டு. கூட்டத்தைத் தொடங்கிவைக்க எழுந்த ஆஸ்திரிய அவைத்தலைவர் ஒருவர், வந்திருப்போரை எண்ணிச் சொல்லிவிட்டு, கூட்டம் இத்துடன் முடிந்தது என்று அறிவித்துவிட்டதை 1901-இல் அவர் எடுத்துக்காட்டாகத் தந்தார். அந்தக் கூட்டத்தால் நல்லது நடக்காது என்று உள்ளூர நினைத்தவரின் நாக்கு அது. ஃப்ராய்டு தொடக்கத்தில் ஹிப்னாடிசம் எனப்படும் அறிதுயில் முறையைக் கையாண்டு, பிறகு அதைக் கைவிட்டவர் என்பதையும் சொல்ல வேண்டும். ஆகவே கடிகாரத்தை ஆட்டிக்காட்டி உறங்கவைப்பார்கள் என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்துதான் திரும்புவார்கள். நான் போன இடத்தில் யாரும் என்னை உறங்கவைக்கவில்லை. நானாக இரண்டு முறை கொட்டாவி விட்டதும்கூடப் பேசுபொருளானது.

அறை சிறியது. ஜன்னலை ஒட்டி ஒரு திவான், எதிரும் புதிருமாக அல்லாமல் சற்றுக் கோணலாக இரண்டு நாற்காலிகள், சத்தமிடும் ஒரு மின்விசிறி, நமக்குத் தெரியாதபடி நம் தலைக்குப் பின்னால் ஒரு கடிகாரம். படுத்துக்கொண்டு பேசுவதா, உட்கார்ந்து பேசுவதா என்பதைச் சிகிச்சையாளர் என்னிடமே விட்டார். ஃப்ராய்டின் புகழ்பெற்ற கட்டில், 1890 வாக்கில் நோயாளி ஒருவர் அன்பளிப்பாகத் தந்தது. இன்று லண்டனில் அவர் கடைசியாக வாழ்ந்த வீட்டில் பாரசீகக் கம்பளம் விரித்தபடி காட்சிக்கு இருக்கிறது. நோயாளியின் பார்வைக்கு எட்டாமல் பின்னால் உட்கார்ந்ததற்கு, ஒரு நாளில் எட்டு மணிநேரம் பிறர் தன்னை உற்றுப் பார்ப்பதைத் தாங்க முடியவில்லை என்ற காரணத்தையும் அவரே ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார். நான் முதல் நான்கு மாதங்கள் நாற்காலியிலும், பிறகு திவானில் சாய்ந்தும் பேசினேன். முகத்தைப் பார்க்காதபோது பேச்சு வேறுவிதமாகத்தான் வருகிறது; தலையாட்டலுக்காகக் காத்திருக்கும் பழக்கம் போய்விடுகிறது.

விதி ஒன்றே ஒன்றுதான்: மனத்தில் தோன்றுவதை, அற்பமாக இருந்தாலும், தொடர்பற்றதாக இருந்தாலும், சொல்லக் கூசினாலும், வடிகட்டாமல் சொல்ல வேண்டும். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர், உள்ளே இருப்பவருக்கு வெளியே மாறிக்கொண்டே போகும் காட்சிகளை விவரிப்பதுபோல் பேசுங்கள் என்று ஃப்ராய்டு 1913-இல் எழுதியதைச் சிகிச்சையாளர் எனக்குச் சொன்னார். கும்பகோணத்திலிருந்து திருச்சிக்கு ரயிலில் போய்ப் பழகிய எனக்கு அது உடனே பிடிபட்டது. தாராசுரம், சுவாமிமலை, பாபநாசம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகலாம் என்று நினைத்தேன். உண்மையில் நான் செய்தது, வண்டி எங்கே போய்ச் சேரும் என்று முதலிலேயே அறிவித்துவிட்டுப் பேசத் தொடங்குவது. தணிக்கைத் துறையில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தவனுக்கு வேறெப்படிப் பேச்சு வரும்? முதல் இரண்டு மாதங்கள் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அறிக்கை தாக்கல் செய்துவிட்டு வந்தேன். அவர் குறுக்கிடவே இல்லை. அந்தப் பதினாறாயிரம் ரூபாயை இன்னும் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாகச் செலவழித்திருக்கலாம் என்பது என் கருத்து. இரண்டாவது வாரமே அவர் சுட்டிக்காட்டியிருக்கலாம்.

அந்த இரண்டு மாதங்களும் நான் ஆங்கிலத்தில் பேசினேன் என்பதுதான் இந்த மதிப்புரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. மனத்தைப் பற்றிப் பேச எனக்குக் கைவசம் இருந்த சொற்களெல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. ஸ்ட்ரெஸ், ஆன்சைட்டி, டிராமா என்று அடுக்கிவைத்த சொற்கள். என் அப்பா ஸ்ட்ரிக்ட் ஆனவர் என்று ஆங்கிலத்தில் சொன்னால் வாக்கியம் அங்கேயே முடிந்துவிடுகிறது. ஒன்பதாவது அமர்வில் அவர், வீட்டில் அப்பாவை எப்படிக் கூப்பிடுவீர்கள், அவர் உங்களை எப்படிக் கூப்பிடுவார் என்று தமிழில் கேட்டார். கூப்பிடவே மாட்டார், தொண்டையைச் செருமுவார், நான் போய் நிற்பேன் என்றேன். அதைச் சொன்ன பிறகுதான், 40 ஆண்டுகளாக யாரிடமும் அதைச் சொன்னதில்லை என்பதும், யாராவது செருமினால் இன்றும் அலுவலகத்தில் எழுந்து நிற்கப் பார்க்கிறேன் என்பதும் எனக்கே உறைத்தது.

இந்தச் சிகிச்சையின் பிறப்பிலேயே மொழிச்சிக்கல் ஒன்று இருக்கிறது. வியன்னாவில் 1880 முதல் 1882 வரை ஃப்ராய்டின் மூத்த நண்பரான யோசஃப் ப்ராயர் என்ற மருத்துவர் பார்த்துவந்த இளம்பெண் ஒருவர், பின்னாளில் அன்னா ஓ. என்ற புனைபெயரில் அறியப்பட்டவர், நோயின் ஒரு கட்டத்தில் தன் தாய்மொழியான ஜெர்மனைப் பேச முடியாமல் ஆங்கிலம் மட்டுமே பேசினார். பேசப்பேச அறிகுறிகள் தணிவதைக் கண்டு அதற்கு 'டாக்கிங் கியூர்', அதாவது பேச்சுச் சிகிச்சை, என்று பெயரிட்டவர் அவரே, மருத்துவர் அல்லர்; விளையாட்டாக 'புகைபோக்கி சுத்தம் செய்வது' என்றும் அதை ஆங்கிலத்திலேயே சொன்னார். பிற்காலத்தில் பெர்த்தா பாப்பன்ஹைம் என்ற தன் சொந்தப் பெயரில், ஜெர்மனியில் பெண்ணுரிமைப் பணிகளுக்காக அறியப்பட்டார் அவர். ஜெர்மனை விட்டு ஆங்கிலத்துக்குள் ஒதுங்கிக்கொண்ட அந்தப் பெண்ணை எனக்கு நன்றாகவே புரிகிறது. தாய்மொழியில் சொல்ல முடியாததை வேற்றுமொழியில் சொல்லிவிடலாம். அங்கே சொற்களுக்குச் சூடு குறைவு. ஆனால் என் வழக்கில் சூடு இருந்த இடம்தான் தேவைப்பட்டது.

அக்டோபர் மாதம், 19-ஆவது அமர்வு. வீட்டு விற்பனையைப் பற்றிச் சலிப்புடன் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா மறுக்கவில்லை, புதிதாக ஒருவர் விலை கேட்கிறார், அவசரம் ஒன்றுமில்லை, பத்திரம் என்னிடம்தான் இருக்கிறது, பத்திரம் கையில் இருக்கும்வரை ஒன்றும் ஆகாது என்றேன். கால்மணி நேரமாக வாய் திறக்காமல் இருந்தவர், "பத்திரம்" என்று அந்த ஒரு சொல்லை மட்டும் திருப்பிச் சொன்னார். கேள்வியாகச் சொன்னாரா என்றுகூடத் தெரியவில்லை. வீட்டுப் பத்திரம் என்று விளக்கத் தொடங்கினேன். அப்பாவின் டிரங்குப் பெட்டியில் அந்துருண்டை வாசனையோடு மஞ்சள் பையில் சுற்றிவைத்தது என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே வேறொரு 'பத்திரம்' காதில் விழுந்தது. 1994-இல் திருச்சிக் கல்லூரி விடுதிக்கு நான் புறப்பட்ட அன்று, கும்பகோணம் பேருந்து நிலையத்தில், ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்ற அப்பா, செருமிவிட்டு, "பத்திரம்" என்றார். அவ்வளவுதான். பேருந்து வளைவில் திரும்பும்வரை நான் கழுத்தைத் திருப்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னிடம் நேராகச் சொன்ன அன்பான சொல் என்று எனக்கு நினைவில் இருப்பது அது ஒன்றுதான். அந்தச் சொல்லைத்தான் சார்பதிவாளர் அலுவலகத்தில் இன்னொருவர் பெயருக்கு எழுதிக்கொடுக்க மூன்று முறை நாள் குறித்திருந்தேன்.

ஆங்கிலத்தில் இது நடந்திருக்க வாய்ப்பே இல்லை. அங்கே வீட்டு ஆவணத்துக்கு ஒரு சொல், கவனமாகப் போய்வா என்பதற்கு வேறு சொல். இரண்டையும் ஒரே சொல்லால் சுட்டும் மொழியில் வளர்ந்தவனின் நனவிலியில்தான் அந்த முடிச்சு விழும். அந்த மொழியைக் காதால் கேட்கத் தெரிந்தவருக்குத்தான் அது தட்டுப்படும். சிகிச்சையாளர் தேர்வில் பட்டத்துக்கு அடுத்தபடியாக நான் பார்க்கச் சொல்வது இதைத்தான்.

அந்தப் பேருந்துக் கதையில் கழுத்து என்ற சொல்லை நான் உச்சரித்தபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, புதிருக்கு விடை கண்டவனைப்போல் இரண்டு வாரம் திரிந்தேன். மூன்றாவது வாரம், பதிவுத் தேதி எதுவும் இல்லாமலே கழுத்து மறுபடி பிடித்துக்கொண்டது. விடை தெரிந்தால் வலி போய்விடும் என்பது துப்பறியும் கதைகளில் வரும் உளவியல்; அறையில் அப்படி நடப்பதில்லை. ஃப்ராய்டும் காரணத்தை நோயாளிக்கு எடுத்துச் சொன்னாலே போதும் என்ற தொடக்ககால நம்பிக்கையைப் பின்னர் கைவிட்டார். ஒரே விஷயத்தைப் பல கோணங்களில் திரும்பத் திரும்பப் பேசிக் கரைக்க வேண்டும் என்று 1914-இல் தனிக் கட்டுரையே எழுதினார்.

இதைவிடப் பெரிய அடி அக்காவிடமிருந்து வந்தது. தீபாவளிக்குப் போனபோது பேருந்து நிலையக் கதையைச் சொன்னேன். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அன்னிக்கு அப்பாவுக்குச் சங்கத்துல ஆடிட்டுடா, பஸ் ஏத்தி விட்டது சித்தப்பா" என்றார். அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக இருந்தவர். தணிக்கை நாளில் விடுப்பு எடுக்கிற ஆள் அல்லர். சித்தப்பாவும் இப்போது இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. நினைவு என்பது அலமாரியில் வைத்த கோப்பு அன்று, எடுக்கும்போதெல்லாம் புதிதாக எழுதப்படுவது என்பதை அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் போன்றோரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சிறுவயதில் வணிக வளாகத்தில் தொலைந்துபோனதாக ஒரு பொய்ச் சம்பவத்தை 24 பேருக்குச் சொன்னபோது, அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் அது தனக்கு முழுதாகவோ பகுதியாகவோ நினைவிருப்பதாகக் கூறினார் என்பது அவர் 1995-இல் வெளியிட்ட ஆய்வு. புதைந்த நினைவுகளைத் தோண்டி எடுத்துத் தருகிறோம் என்று விளம்பரம் செய்பவர்களிடமிருந்து ஒதுங்கியிருக்க வேண்டியதற்கு இது ஒன்றே போதும்.

அந்தச் சந்தேகத்தை அடுத்த செவ்வாய்க்கிழமை அவர்முன் வைத்தேன். எது நடந்தது என்று தன்னால் சொல்ல முடியாது, அப்பா வந்திருக்க வேண்டும் என்று உங்களுக்கு இருப்பதைப் பற்றி வேண்டுமானால் பேசலாம் என்றார். நேர்மையான பதில் என்று அப்போதே ஒப்புக்கொண்டேன். முழுத் திருப்தி இன்றுவரை இல்லை. வவுச்சர் இல்லாத செலவைக் கணக்கில் ஏற்றுவது எனக்குப் பழக்கமில்லை.

கட்டணத் தகராறு ஒன்றையும் பதிவுசெய்ய வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்த வாரம் தெருவில் முழங்கால் தண்ணீர். அன்று அமர்வு நடக்கவில்லை, பணமும் வாங்கவில்லை. பிறகு ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை நான் மறந்தே போனேன். அடுத்த வாரம் போன அமர்வுக்கும் சேர்த்து 3,600 ரூபாய் கட்டச் சொன்னார். 48 மணிநேரம் முன்பே தெரிவிக்காவிட்டால் முழுக் கட்டணம் என்பது முதல் நாள் வாய்மொழியாகச் சொன்ன விதி. எழுத்தில் எதுவும் இல்லை. மூன்று அமர்வுகள் நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். செருமினால் எழுந்து நிற்கிற அதே பையன்தான் இங்கே வாயை மூடிக்கொண்டு முறைத்துக்கொண்டிருக்கிறான் என்பது எனக்குத் தெரிய நேரமாயிற்று. பழைய உறவொன்றின் பாக்கியைப் புதிய மனிதர்மேல் ஏற்றுவதை இத்துறையில் முக்கியமான நிகழ்வாகக் கருதுகிறார்கள். அப்பாவிடம் காட்ட முடியாத கோபத்தை, கட்டணம் வாங்கும் ஒரு பெண்மணியிடம் காட்டிப் பார்த்தேன், அவர் அதற்காக என்னை வெளியே அனுப்பவில்லை. சிகிச்சை என்ற வகையில் அந்த மூன்று வாரங்களே மிகப் பயனுள்ளவை என்று நினைக்கிறேன். நுகர்வோர் என்ற வகையில், விதி எழுத்தில் தரப்பட்டிருக்க வேண்டும் என்ற என் கட்சியில் மாற்றமில்லை. ஒன்று மற்றொன்றை ரத்து செய்துவிடாது.

வேறு குறைகளும் உண்டு. காத்திருக்கும் இடம் பக்கத்துப் பல் மருத்துவமனையோடு பொதுவானது. வரவேற்பில் இருந்த பையன் என் பெயரைத் தெருவுக்குக் கேட்கும்படி கூப்பிடுவான். கீழ்ப்பாக்கம் என்ற சொல்லே வசவாக வழங்கும் ஊரில், மனநலச் சிகிச்சைக்கு வருபவரின் பெயரை மெல்லச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். நான் சொன்ன பிறகு மாற்றிக்கொண்டார்கள். எங்கே இருக்கிறோம், என்ன மாறியிருக்கிறது என்று கூடிப் பேசும் மதிப்பீட்டை நான் கேட்டபோது மட்டுமே செய்தார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவராகவே அதைச் செய்வதில் என்ன தடை என்று தெரியவில்லை. வீடியோவழி அமர்வுகள் ஐந்து நடந்தன. பரவாயில்லை என்று சொல்லலாம், திரையில் மௌனம் வந்தால் நெட்வொர்க் போய்விட்டதா என்ற சந்தேகமே முந்திக்கொள்கிறது.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு, நமக்கு எதற்கு என்று என் மைத்துனர் கேட்டார். கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் என்ற மருத்துவர் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவியது 1922-இல். ஃப்ராய்டோடு கடிதத் தொடர்பு வைத்திருந்த போஸ், தன் இந்திய நோயாளிகளிடம் காண்பது ஐரோப்பியரிடம் காண்பதோடு எல்லா இடத்திலும் பொருந்தவில்லை என்று அவரிடமே வாதிட்டவர், வங்காளத்திலும் எழுதியவர். ஃப்ராய்டின் 75-ஆவது பிறந்தநாளுக்குக் கல்கத்தாவிலிருந்து போன தந்தத்தாலான திருமால் சிலை அவருடைய மேசையை அலங்கரித்தது. நூறாண்டாக இங்கே இருப்பதை இன்னும் இறக்குமதி என்று சொல்வது பொருந்தாது. தமிழில் இதைப் பயிற்சியோடு செய்பவர்கள் கைவிரல் விட்டு எண்ணும்படி இருக்கிறார்கள் என்பது வேறு வருத்தம்; நான் எட்டுப் பேரைத் தொலைபேசியில் கேட்ட பிறகே தமிழில் நடத்தச் சம்மதிப்பவரைக் கண்டேன்.

பலன் உண்டா? ஆய்வுலகில் 2017-இல் அமெரிக்க உளமருத்துவ இதழ் ஒன்றில் வெளியான தொகுப்பாய்வு, 23 சோதனைகளையும் 2,751 நோயாளிகளையும் கணக்கிலெடுத்து, இவ்வகைச் சிகிச்சை பயன் நிறுவப்பட்ட பிற சிகிச்சைகளுக்கு இணையாகச் செயல்படுகிறது என்றது. அவற்றைவிட மேல் என்று அது சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. என் கணக்கில், 2024 ஆகஸ்டில் நான்காவது முறையாக நாள் குறித்தோம். முதல் நாள் இரவு கழுத்து இறுகத்தான் செய்தது. ஆனால் படுக்கவைக்கவில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன் வாங்கி, அக்காவோடு மரப்பெஞ்சில் இரண்டு மணிநேரம் உட்கார்ந்திருந்து, புகைப்படக் கருவியைப் பார்க்கச் சொன்னபோது தலையைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பி, கைரேகை வைத்துக் கையெழுத்துப் போட்டேன். படத்தில் கொஞ்சம் சாய்ந்திருக்கிறேன். மஞ்சள் பையை மட்டும் வாங்கியவரிடம் கொடுக்கவில்லை, அவர் கேட்கவுமில்லை. சிகிச்சையால்தான் இது நடந்தது என்று நிரூபிக்க என்னிடம் வழியில்லை. ஆறாண்டு இழுத்த வேலை, 14 மாதப் பேச்சுக்குப் பின் முடிந்தது என்பது மட்டும் உறுதி. அதன்பிறகு கழுத்து இருமுறை லேசாகப் பிடித்தது, இருமுறையும் வேலைக்குப் போனேன். மகனிடம் பேச வேண்டியிருக்கும்போது நானும் செருமுகிறேன் என்பதைக் கண்டுபிடித்ததுதான் எதிர்பாராத உபரி. அதை நிறுத்த இன்னும் முடியவில்லை.

இந்தச் சிகிச்சை எல்லோருக்குமானது அன்று. குறிப்பிட்ட ஒரு பயத்தைச் சில வாரங்களில் சமாளிக்க வேண்டியவர்கள் சி.பி.டி. பக்கம் போவதே சிக்கனம். உடல் வலி என்றால் முதலில் உடலைப் பரிசோதித்து முடியுங்கள், என் எம்.ஆர்.ஐ. வீண் செலவு என்று நான் நினைக்கவில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ, இல்லாத குரல்கள் கேட்பதோ இருந்தால் வாரம் ஒருமுறை திவானில் சாய்ந்து பேசுவது போதாது. மனநல மருத்துவரை உடனே பார்க்க வேண்டும். 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம், கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தின் புறநோயாளிப் பிரிவும் இருக்கிறது. காப்பீட்டை நம்பி இறங்காதீர்கள். உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொன்னாலும், மருத்துவமனையில் படுத்தால்தான் பணம் என்கிற என் பாலிசியில் ஒரு ரூபாயும் திரும்பி வரவில்லை.

தேடுகிறவர்கள் முதல் தொலைபேசி அழைப்பிலேயே நான்கைந்து விஷயங்களைக் கேட்டுவிடலாம். மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்பவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றவரா. இந்த முறையில் தனிப் பயிற்சி எங்கே பெற்றார். தன் வேலையை மூத்தவர் ஒருவரிடம் கொண்டுபோய்ப் பார்வைக்கு வைக்கிறாரா. நீங்கள் கனவு காணும் மொழியில் அவருக்குப் பழமொழி புரியுமா. வராத நாளுக்கான கட்டண விதியை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாங்கவில்லை, 1,800 ரூபாய் போயிற்று. அதற்கு ரசீது இருக்கிறது.